இரும்பு மாப்பிள்ளை

விடிவதற்குள் பந்தல் கால்கள் கடலோரம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வண்டி மணலில் இறங்கக் கூடாது. சக்கரத் தடம் விழுந்தால் கல்யாணப் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று கம்பெனிக்காரி ரெனாத்தா உத்தரவு போட்டிருந்தாள். ஆகவே சாலை முடிகிற இடத்திலிருந்து தென்னங்கட்டைகளை இருவர் இருவராகத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். ஈர மணல் கணுக்காலைக் கவ்விக் கவ்வி விட்டது. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பெலும்பு முனகியது.

கிரிசாந்தா முன்னால் போனாள். கட்டையின் மறுமுனையில் அவள் தம்பி ஓதிலோன்.

"அக்கா, மெதுவாப் போ. நீ குட்டை, நான் நெட்டை. பாரம் பூரா உம்பக்கம் சாயுது."

"சாயட்டும். சாயங்காலம் ஒத்திகையில நீ அந்த இரும்புத் தடியனத் தூக்கணும். இப்பவே தோளத் தீத்துடாத."

மெக்சிகோக் கடலோரத்துச் சான் யசிந்தோ குடாவில் கல்யாணம் என்றால் கலெந்தா ஊர்வலம் இல்லாமல் முடியாது. வாத்தியக்காரர்கள் முன்னே போக, பெண்கள் தலையில் பூக்கூடை ஏந்தி ஆட, நடுவில் வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு பெண் பொம்மையும் மாப்பிள்ளைப் பொம்மையும் சுழன்று வரும். உள்ளே நின்று சுமந்து ஆடுவது ஓர் ஆள். ஊர்க்காரர்கள் கட்டிய பொம்மைக்கு எலும்பெல்லாம் நாணல். ரெனாத்தாவின் கம்பெனி ஓட்டல் கல்யாணங்களை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்த பிறகு, நாணல் அடிக்கடி ஒடிகிறது, செலவு என்று இரும்புக் குழாயில் சட்டம் அடித்துவிட்டார்கள். முகம் மட்டும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாறும். இந்தத் தடவை மாப்பிள்ளை சிகாகோக்காரன். நீலக் கண்ணும் மஞ்சள் முடியுமாக அச்சு அசலாகச் செய்து கொண்டுவந்திருந்தார்கள்.

முகம் மாறியது போல இன்னும் சில மாறின. பொம்மைக்கு இரண்டு ஆள் போட்டு மாற்றி மாற்றிச் சுமந்த வழக்கம் போயிற்று. ஆட்டத்துக்குத் தனிக் கூலி என்பதும் போயிற்று. கட்டை சுமந்தவனே, கரையில் ஒதுங்கிய பாசியை வாரிக் கொட்டியவனே, ஜிகினாச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆடவும் வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு நாள் கூலி.

வெயில் ஏறியதும் ரெனாத்தா வந்தாள். தலைநகரத்துக்காரி. வெள்ளைத் துணிச் செருப்பு, கையில் பளபளக்கும் பலகைக் கணினி. மணலில் நடந்தபடி விரலால் காற்றில் கோடு போட்டாள்.

"இங்க பொண்ணு வரணும். இங்க பாதிரியார். ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுற மணிக் கயிறு இந்த மேசையில. மாப்பிள்ளை பொண்ணு கையில கொட்டுற பொற்காசு பக்கத்துல. மேல வண்ணக் காகிதத் தோரணம். அப்புறம், சர்க்கரை மண்டையோடு மேசைக்கு ஒண்ணு."

பெரிய குழலூதும் பிதென்சியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"மண்டையோடு செத்தவங்களுக்குப் படைக்கிறதாச்சே மேடம். கல்யாணத்துலயா?"

"பொண்ணு கேக்குறா. அசல் மெக்சிகோ வேணுமாம்."

"அப்ப ஒரு சவப்பெட்டியும் வெச்சிருங்க. குறை எதுக்கு?"

பெண்கள் கூடைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரெனாத்தா சிரிக்கவில்லை.

"ஒத்திகை உச்சி வெயில்ல. வானத்துலேர்ந்து படம் எடுக்கப் போறோம். வெயில் இருந்தாத்தான் நிறம் எடுப்பா விழும்."

"கலெந்தா சாயங்காலம் போறது மேடம்," என்றாள் கிரிசாந்தா. "இரும்பு காயும். உள்ள காத்தே கிடையாது. உச்சியில ஆடணும்னா பொம்மைக்கு ரெண்டு ஆளாவது போடுங்க."

"ஒருத்தர் தூக்குற பொம்மைக்கு ரெண்டு பேருக்கு நான் ஏன் கூலி அழணும்? உங்களுக்கு முடியலேன்னா சொல்லிடுங்க. மலையடிவாரத்துல அம்பாரோ குழு காத்துக்கிட்டிருக்கு."

அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோரும் தத்தம் கூடையையும் வாத்தியத்தையும் எடுத்தார்கள். மலையடிவாரத்துக்காரர்களுக்கும் குடாக்காரர்களுக்கும் ஆட்டப் போட்டியில் தொடங்கிய பகை, பெண் கொடுத்து எடுப்பதுகூட நின்றுபோன பகை. அவர்கள் வந்து குடா மணலில் ஆடுவதா?

ஓதிலோன் சட்டத்துக்குள் குனிந்து நுழைந்தான். தோள் வளையத்தைப் பொருத்திக்கொண்டு எழுந்தான். நீலக் கண் மாப்பிள்ளை தென்னை மட்டைகளை உரசிக்கொண்டு உயர்ந்தான்.

வாத்தியம் முழங்கியது. விருந்தாளிகள் புதுத் தொப்பிகளோடு நிழலில் நின்று கைதட்டினார்கள். கிரிசாந்தா கூடையோடு மாப்பிள்ளையை ஒட்டியே ஆடினாள். பொம்மையின் வயிற்றில் ஒரு வலைத்துண்டு உண்டு. உள்ளே இருப்பவன் பார்ப்பதும் மூச்சு விடுவதும் அது வழியாகத்தான். ஒவ்வொரு சுற்றிலும் அங்கே காதைக் கொடுத்தாள். துருத்தி ஊதுவது போலத் தம்பியின் மூச்சு கேட்டது.

"அக்கா... தண்ணி..."

"மேடம், கொஞ்சம் நிறுத்துங்க!"

ரெனாத்தா வானத்தில் பறந்த படக்கருவியையே பார்த்துக்கொண்டு விரலைச் சுழற்றினாள். இன்னொரு சுற்று.

இன்னொரு சுற்றில் மாப்பிள்ளை மெல்ல முன்னால் வளைந்தான். சபைக்கு வணக்கம் சொல்வது போல இடுப்பு மடிந்தது. விருந்தாளிகள் ஆரவாரம் செய்தார்கள். சிலர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பெரிய தலை மணலில் மோதி, சிரித்த வாயோடு கிடந்தது. கைதட்டல் இன்னும் பலத்தது.

கிரிசாந்தா மட்டும் கீழே பார்த்தாள். துணிக்கு வெளியே தம்பியின் இரண்டு பாதங்களும் உள்நோக்கி மடங்கிக் கிடந்தன.

கூடையை வீசிவிட்டுப் பாய்ந்தாள். பல்லால் கடித்துத் துணியைக் கிழித்தாள். இரும்பைத் தொட்ட இடத்தில் உள்ளங்கை பொரிந்தது. ஓதிலோனின் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. காய்ந்த ஓடு போலக் கொதித்தது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. பிதென்சியோ தன் குழலை மணலில் போட்டுவிட்டு அவனைத் தூக்கித் தன் வண்டியில் கிடத்தினார். கைதட்டல் அப்போதுதான் ஓய்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். வெயில் தாக்கியிருக்கிறது. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது. விழுந்த வேகத்தில் தோள் வளையம் காறையெலும்பை முறித்திருக்கிறது. பிழைப்பானா என்ற கேள்விக்கு, "பார்ப்போம்" என்றார்.

பொழுது சாய்கையில் ரெனாத்தா பழக்கூடையோடு வந்தாள். உள்ளே வராமல் வேப்ப மரத்தடியில் நின்று கிரிசாந்தாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா காலையிலேயே குடிச்சிருந்தான்னு சொல்றாங்களே?"

"யார் சொல்றா? எங்கூடக் கட்டை சுமந்தான். சோளக் கஞ்சிதான் குடிச்சான். வேணும்னா உள்ள வந்து அவன் வாய மோந்து பாருங்க."

"கோபப்படாத. சட்டப்படி அவன் என் ஆளே இல்ல. விருந்துக் கலைஞன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். இருந்தாலும் மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?" ரெனாத்தா குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குக் கல்யாண ஊர்வலத்துல மாப்பிள்ளைப் பொம்மைய நீ தூக்கு. உனக்கு வலு இருக்கு. உள்ள இருக்கிறது ஆணா பொண்ணான்னு யாருக்குத் தெரியும்? தம்பி மருந்துச் செலவ நான் பாத்துக்கறேன்."

"தூக்கலேன்னா?"

"நான் ஒண்ணும் தர்மசத்திரம் நடத்தல கிரிசாந்தா."

கிரிசாந்தா திரும்பி நடந்தாள். பழக்கூடையை வாங்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு குரல், தூக்கிவிடு, ஒரு நாள்தானே, தம்பி பிழைக்கட்டும் என்றது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பது அவளுக்குக் கசந்தது.

மீன் இறக்கும் கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வாத்தியங்கள் ஒரு மூலையில் கிடந்தன. அவள் நடந்ததைச் சொன்னாள்.

"எங்கிட்டயும் கேட்டாங்க," என்றான் நெமேசியோ. அவனும் ஓதிலோனைப் போலக் கட்டை சுமக்கிறவன். தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நான் சரின்னுட்டேன்."

"த்தூ!" என்றாள் பூக்கூடை ஆடுகிற நியேவெஸ். "அவன் ரத்தம் காயல, நீ அவன் சட்டையில பூந்துக்கறியா?"

"எங்க வீட்டு அடுப்புல பூனை தூங்குது. நீ வந்து எரிய வையேன்!"

கைகலப்பு ஆகிவிடும் போலிருந்தது. கிரிசாந்தா நடுவில் போய் நின்றாள்.

"அவன ஏசாத நியேவெஸ். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வாய மூடிக்கிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்." பொரிந்த உள்ளங்கையை விரித்தாள். "ஒரு தடவை தொட்டதுக்கு இது. அவன் அத முதுகுல சுமந்தான். தண்ணி கேட்டான். நானும் கேட்டேன். நாம எல்லாரும் பக்கத்துலதான் இருந்தோம். தாளம் நிக்கல, ஆட்டம் நிக்கல. அவன் விழுந்ததுக்கு அப்புறந்தான் நின்னோம்."

பிதென்சியோ கண்ணைத் துடைத்தார். "நான் ஊதிக்கிட்டே இருந்தேம்மா. பாவி, ஊதிக்கிட்டே இருந்தேன்."

வெகுநேரம் பேசினார்கள். பிதென்சியோ மட்டும் குழலைக் கீழே வைத்தால் அவரைப் பிடிப்பார்கள். கிரிசாந்தா முன்னால் நின்று பேசினால் அவளை வேலையிலிருந்து கழிப்பார்கள். யாரும் முன்னால் நிற்க வேண்டாம், எல்லோரும் சேர்ந்தே நிற்போம் என்று முடிவாயிற்று. ஓதிலோனின் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. பொம்மைக்கு நாணல் எலும்பு, இரண்டு ஆள். ஆட்டம் சாயங்காலம், அதற்குத் தனிக் கூலி. நெமேசியோ கடைசியாகத்தான் வாய் திறந்தான்.

"நான் போக மாட்டேன்னு நானே போய்ச் சொல்லிட்டு வரவா?"

"எதுக்கு? நாளைக்கு எங்ககூட நில்லு, போதும்," என்றாள் நியேவெஸ். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் பிற்பகல், ஊர்வலத்துக்கு ரெனாத்தா குறித்திருந்த நேரம். அவர்கள் ஜிகினாவும் பாவாடையுமாக அலங்காரம் குலையாமல் வந்தார்கள். மாப்பிள்ளைப் பொம்மையை எல்லோருமாகப் படுக்கை வாக்கில் தூக்கினார்கள், பிணத்தைத் தூக்குவது போல. ஓட்டல் வாசலில், கடற்கரைக்குத் திரும்பும் முனையில் கிடத்திவிட்டுச் சுற்றிலும் உட்கார்ந்தார்கள்.

ரெனாத்தா ஓடி வந்தாள். வெள்ளைச் செருப்பில் தார் ஒட்டியிருந்தது.

"என்ன கூத்து இது? பொண்ணு உடுத்திக்கிட்டு நிக்கிறா!"

கோரிக்கைகளை ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். யார் தலைவர் என்று அவள் முகம் முகமாகத் தேடினாள்.

"யாரு தூண்டிவிட்டது?"

"வெயிலு," என்றார் பிதென்சியோ.

கறுப்புக் கோட்டில் ஒரு கனத்த மனிதர் உள்ளிருந்து வந்தார். மணப்பெண்ணின் தகப்பனார். மிச்சோவகான் மாநிலத்தில் பிறந்து, சின்ன வயதில் வடக்கே அமெரிக்காவுக்குத் தக்காளி பறிக்கப் போனவர் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். கிரிசாந்தாவின் முன்னால் குனிந்து, அவர்கள் பாஷையிலேயே சொன்னார்:

"நானும் வெயில்ல வெந்தவன்தாம்மா. வாயத் தொறக்காம வேலை செஞ்சேன், முன்னுக்கு வந்தேன். எம்பொண்ணு நாளக் கெடுக்காதீங்க."

"உங்ககூட வெந்து அங்கேயே விழுந்தவங்க யாரும் இல்லையா ஐயா?" என்று கேட்டாள் கிரிசாந்தா.

அவர் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். உதவி செய்யவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

"நல்லது," என்றாள் ரெனாத்தா. "உங்களுக்கு இனிமே இந்தக் கடற்கரையில ஒரு மூங்கில் நடுற வேலைகூடக் கிடையாது. நேத்தே வேற ஆளுக்குச் சொல்லிவெச்சுட்டேன், அதோ பாருங்க."

சாலை வளைவில் ஒரு லாரி வந்தது. பின்பக்கம் நிறையப் பூக்கூடைகளும் வண்ணப் பாவாடைகளும். மலையடிவாரத்துக் கூட்டம். நெமேசியோ எழப் போனான். நியேவெஸ் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

லாரி நின்றது. முன்கதவைத் திறந்துகொண்டு அம்பாரோ இறங்கினாள். எலும்பும் தோலுமான நெடிய பெண். போட்டி மேடைகளில் கிரிசாந்தாவை முறைத்ததைத் தவிர வேறு பழக்கமில்லை.

"சீக்கிரம், சீக்கிரம்!" என்றாள் ரெனாத்தா. "இவங்களச் சுத்திக்கிட்டு வாங்க. ரெண்டு பங்கு கூலி!"

அம்பாரோ அவள் பக்கம் திரும்பவில்லை. கீழே கிடந்த பொம்மையின் கிழிந்த வயிற்றைப் பார்த்தாள். குனிந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒடம்பு சரியில்லாம லீவு போட்டிருக்காங்கன்னுல்ல எங்கிட்டச் சொன்னாங்க?" என்றாள். பிறகு, "யாரு உள்ள இருந்தது?"

"எந்தம்பி," என்றாள் கிரிசாந்தா.

"இருக்கானா?"

"மூச்சு இருக்கு. இன்னும் கண்ணு முழிக்கல."

"பேரு?"

"ஓதிலோன்."

தூரத்தில் போலீஸ் வண்டியின் ஊளை கேட்டது. ரெனாத்தா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருந்தாள். கிரிசாந்தா கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும்படி இடம் விட்டாள்.

அம்பாரோ உட்காரவில்லை. லாரியை நோக்கித் திரும்பி, பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள். என்ன நடந்தது என்பதையும் சொன்னாள். அங்கே சலசலப்பு எழுந்து அடங்கியது. பிறகு, லாரியின் பின்கதவுத் தாழ்ப்பாளை யாரோ உள்ளிருந்து தட்டித் திறந்தார்கள். கூடைகளைத் தலையில் வைக்காமல் கையில் தொங்கவிட்டபடி, ஒவ்வொருவராக இறங்கி, பொம்மையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் வந்தார்கள்.