ஒன்றா, ஏழா

எழிலரசன் டாக்டர் ஸ்கேனரை மூன்றாவது தடவையாக மண்ணாங்கட்டியின் கழுத்தில் வைத்தபோதுதான் தாமரைச்செல்வி நாற்காலியை விட்டு எழுந்தாள். முதல் தடவை என்றால் கருவி சரியில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை என்றால் பூனை நெளிந்தது என்று சொல்லலாம். மூன்றாம் தடவைக்குச் சொல்ல ஒரு சாக்கும் கிடையாது.

"என்னா சார்?"

டாக்டர் அடுத்த கூடையிலிருந்து சின்னப்பாப்பாவை வெளியே இழுத்து அதன் கழுத்திலும் வைத்தார். கருவி 'பீப்' என்றது. அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்பர் ஒத்து வரலம்மா. ரெண்டுக்குமே."

அன்று செவ்வாய்க்கிழமை. விமானம் சனிக்கிழமை. புருஷன் வெற்றிச்செல்வன் ஆறு மாதமாக பிரான்ஸில் லியோன் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தினமும் வீடியோவில் மனைவியிடம் அரை நிமிடமும் பூனைகளிடம் பத்து நிமிடமும் பேசுகிறான். மகள் பாரதிக்கு அங்கே கல்லூரி திறக்கப் பத்து நாள்கூட இல்லை. கட்டிலை விற்றாகிவிட்டது, பிரிட்ஜ் போய்விட்டது, சாவியை வீட்டுக்காரர் இப்போதே பாதி வாங்கிக்கொண்ட மாதிரி பார்க்கிறார்.

பிரான்ஸுக்கு மனிதன் போவது சுலபம். பூனை போவதுதான் கஷ்டம். முதலில் கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவுக்கு ஒரு சிப் வைக்க வேண்டும். பிறகு வெறிநோய் ஊசி. ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து பிரான்ஸில் உள்ள லேபுக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் முடித்து, கழுத்தில் இருக்கும் பதினைந்து இலக்க எண்ணும் லேப் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் பூனை விமானம் ஏறும். இல்லையென்றால் அந்தக் காகிதம் உலகத்தில் வேறு ஏதோ ஒரு பூனையுடையது. மறுபடியும் ரத்தம், மறுபடியும் மூன்று மாதம்.

கழுத்துகளில் இருந்த எண்கள் 0114, 0115 என்று முடிந்தன. காகிதத்தில் 0774, 0775.

ரிப்போர்ட் வந்த அன்று தாமரைச்செல்வி பூனைகளின் பெயரைப் பார்த்தாள், பாஸ் ஆகிவிட்டதா என்று பார்த்தாள், சந்தோஷத்தில் அழுதாள். பதினைந்து இலக்கத்தை யார் ஒவ்வொன்றாகப் படித்தார்கள்?

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த செந்தமிழ்ச்செல்வி, தன் தலையில் எதுவும் விழுமுன் பைலைப் பிரித்துவிட்டாள். "எங்கிட்ட குடுத்த சீட்டுல என்னா இருந்துதோ அதத்தான் சார் அடிச்சேன். பாருங்க, ஏழு, ஏழு, நாலு."

நீல மை. பட்டை நிப்பு. அடியில் தேதியும் கையெழுத்தும் வேறு. தாமரைச்செல்விக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெய்வசிகாமணி மாமா.

வெற்றிச்செல்வனின் சித்தப்பா அவர். ஊருக்குள்ளேயே சாரம் என்ற பகுதியில் வீடு. சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீட்டாருக்கு, பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுத்தே பெரிய மனிதரானவர். சிப் வைத்த அன்று யாரும் கூப்பிடாமலே வந்து, "பிரான்ஸுக்குப் போற காகிதம். கண்டவங்க கையெழுத்துல போவக் கூடாது" என்று பேனாவைத் திறந்து சிப் எண்களைச் சீட்டில் எழுதியவர். அவர் போடும் ஒன்று தரையிலிருந்து கிளம்பி, பனைமரத்தில் சாய்த்த ஏணி மாதிரி மேலே ஏறி, உச்சியைத் தொட்டதும் செங்குத்தாகக் கீழே விழும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து ஒன்று. அவர் போடும் ஏழுக்கு இடுப்பில் பெல்ட் மாதிரி ஒரு குறுக்குக்கோடு இருக்கும். இந்த எண்களில் நிஜமான ஏழே இல்லாததால் பெல்ட்டைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

"லேப் திருத்திக் குடுப்பாங்க" என்றார் டாக்டர். "ஆனா நான் சும்மா கேட்டா, வேற பூனையோட ரத்தத்த அனுப்பிட்டு இப்ப மழுப்பறேன்னு நெனைப்பாங்க. சீட்டு எழுதுனவரு, 'நான் போட்டது ஒன்னு, பாத்தா ஏழு மாதிரி இருக்குது'ன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கட்டும். இன்னைக்கே."

தெய்வசிகாமணி வீட்டில் இருக்கும்போதும் காலர் சட்டைதான்.

"போன்ழூர்! வா தாமரை. உக்காரு."

உட்கார முடியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, உங்க ஒன்னு ஏழாயிடுச்சு."

சீட்டை நீட்டினாள். அவர் அதைத் தூரமாகப் பிடித்து ரசித்தார். தன் கையெழுத்தை அவர் எப்போதுமே அப்படித்தான் பார்ப்பார். "இது ஒன்னு."

"தெரியுது மாமா. டைப் அடிச்ச பொண்ணுக்குத் தெரியல."

"அது அந்தப் பொண்ணோட கல்வித் தகுதி."

"எனக்கே ஏழாத்தான் தெரியுது தாத்தா" என்றாள் கூட வந்திருந்த பாரதி.

"உனக்கு போன் தட்டற ரெண்டு கட்டவிரலத் தவிர மத்த விரலுக்கு வேலையே இல்ல. நீ பேசாத." அவர் தாமரைச்செல்வி பக்கம் திரும்பினார். "நாப்பது வருஷமா எழுதறேன். ஒரு பிரெஞ்சுக்காரன் ஒரு புள்ளியக் கேள்வி கேட்டதில்ல. இப்ப ரெண்டு பூனைக்காக என் எழுத்து தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? அதுலயும் ஒன்னுத்துக்குப் பேரு மண்ணாங்கட்டி! அந்தப் பேர பிரெஞ்சுல எழுதறப்பவே எனக்குக் கை கூசுச்சு."

கூடப் பிறந்த மூன்று குட்டிகளும் செத்துப் போக, இதையாவது எமன் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்று தாமரைச்செல்வி வைத்த பெயர் அது. அதைச் சொல்ல வாயெடுத்தவள் மணியைப் பார்த்தாள். நான்கே கால். டாக்டர் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். அவள் வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள், செருப்பைப் போட்டாள், கழற்றினாள்.

"தப்புன்னு எழுத வேணாம் மாமா. ஏழு மாதிரி இருக்குன்னு—"

"ரெண்டும் ஒன்னுதான்."

"ஆமா, உங்களுக்கு எல்லாமே ஒன்னுதான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. நிர்மலாதேவி அத்தை ஈரக்கையோடு வெளியே வந்தாள். "தீபாவளிக்கு முந்துன வாரம் பால் என்னா ஆச்சுன்னு சொல்லுங்களேன்."

"நீ சும்மா இரு."

"எதுக்கு சும்மா இருக்கணும்? ஊருக்குப் போறோம்னு பால்காரனுக்கு சீட்டு எழுதி கேட்டுல மாட்டுனாரும்மா. நாளைக்கு ஒரு பாக்கெட்டு போதும்னு. விடிஞ்சி பாத்தா ஏழு பாக்கெட்டு! தெருவே வந்து என்னா விசேஷம்னு கேக்குது. ஊருக்கு எங்க போறது? உக்காந்து பால்கோவா கிண்டுனேன். தோள்பட்ட இன்னும் வலிக்குது."

"அவன் படிக்காதவன்."

"அப்படிச் சொல்லித்தான அவன நிறுத்துனீங்க. இப்ப வர்றவன் பாலா ஊத்தறான்? ஏழுன்னு படிச்ச பால்காரன் படிக்காதவன். இந்தப் புள்ள பிளஸ் டூ படிச்சிருக்குது, இதுவும் ஏழுங்குது. அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணும் ஏழுன்னுது. எத்தன பேருங்க ஊர்ல படிக்காதவங்க?"

தெய்வசிகாமணி சீட்டைப் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்துபோய்க் கடிதத்தாளை எடுத்துவந்தார். பேனா ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. முதல் பக்கம் முடிந்தபோது தாமரைச்செல்வி எட்டிப் பார்த்தாள். பிரெஞ்சுக் குடியரசுக்கு வணக்கம் சொல்லி முடித்து, தனக்கு எழுத்துப் பழக்கிய ஆசிரியரின் பெருமையில் இருந்தார்.

"ரெண்டு வரி போதும் மாமா."

"ரெண்டு வரியில மரியாத எப்படி வரும்?"

"மரியாத வர வேணாம் மாமா. பூன வரணும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெண் கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. தாளைத் திருப்பிப் போட்டு எழுதினார்: கீழே கையொப்பமிட்டவர் எழுதிய ஒன்று என்னும் எண்ணை ஏழு எனப் படிக்க இடமுண்டு. அந்த 'இடமுண்டு'வில் பேனா கொஞ்ச நேரம் நின்று, மை ஊறிவிட்டது.

டாக்டர் சாயங்காலமே சீட்டையும் கடிதத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். புதன்கிழமை பதில் இல்லை. தாமரைச்செல்வி போனைக் கழுவாத குறையாகத் தடவிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். வெறும் வீட்டில் பூனைகள் சுவரோரமாக நடந்து, நாற்காலிகள் இருந்த இடங்களை மோந்து பார்த்தன.

"அம்மா, ஒருவேள வரலன்னா?" என்றாள் பாரதி.

"நீ போ. நான் மூணு மாசம் கழிச்சு வர்றேன்."

"எங்க தங்குவ?"

தாமரைச்செல்வி கிண்ணங்களை எடுத்தாள். பூனைகளுக்குச் சோறு வைக்கப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் லேபிலிருந்து மெயில் வந்தது. திருத்திய ரிப்போர்ட் இரண்டும் இணைப்பில் இருந்தன. கூடவே ஒரு வரி: கையால் எழுதிய சீட்டைப் பார்த்தோம், அதில் எண் மிகத் தெளிவாக ஒன்று என்றே உள்ளது, ஏழு எனப் படிக்க இடமுண்டு என்று அந்தப் பெரியவர் ஏன் எழுதியிருக்கிறார் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

தாமரைச்செல்வி அதை இரண்டு தடவை படித்தாள். மாமாவுக்கு இது தெரிந்தால் பிரேம் போட்டுவிடுவார். அதற்குமுன் டாக்டரிடம் போய் மன்னிப்புக் கடிதம் கேட்பார், மூன்று பக்கத்தில். "லியோன் போய்ச் சேர்ந்ததும் அவருக்கு அனுப்பலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டை மட்டும் பிரிண்ட் எடுத்தாள். பதினைந்து இலக்கத்தையும் விரல் வைத்துப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சென்னையில் பூனைகள் விமானம் ஏற அனுமதிக் கடிதம் வாங்கப் போன காரில், முன்சீட்டில் டை கட்டிய தெய்வசிகாமணி. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தெம்பில்லை. திண்டிவனம் வரை சின்னப்பாப்பா கத்தியது. அதற்குப் பிறகு மண்ணாங்கட்டியின் முறை.

அலுவலகத்தில் அதிகாரி ஸ்கேனரை வைத்து எண்ணைச் சத்தமாகப் படித்தார். தாமரைச்செல்வி காகிதத்தில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். ஒன்று. ஒன்று. நான்கு. அடுத்தது. ஒன்று. ஒன்று. ஐந்து.

"சரியா இருக்கும்மா" என்றார் அவர். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, எண்ணைக் கையால் எழுத ஆரம்பித்தார்.

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். பேனா முனையையே பார்த்தாள். ஒன்பது எழுதினார். பூஜ்யங்கள் எழுதினார். சொல்லலாமா? சொன்னால் கோபித்துக்கொண்டு நாளைக்கு வா என்பாரோ? பின்னாலிருந்து ஒரு டை மேஜைமேல் தொங்கியது. தெய்வசிகாமணி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்திருந்தார்.

"தம்பி," என்றார் அவர், நாற்பது வருஷத்தில் யாரிடமும் பேசியிராத ஒரு குரலில், "அடுத்தது ஒன்னு வருது. நேரா ஒரு கோடு மட்டும் போடுங்க. வேற எதுவும் வேணாம்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, நேராக ஒரு கோடு போட்டார்.