கேள்வி நேரம் கடைசியில்

"அக்கா, ஃபிரேமில அம்மா வரணுமா, வேண்டாமா?"

கேமரா ஸ்டாண்டை, அப்பாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டில் விரித்துக்கொண்டே ஸ்ரீஜித் கேட்டான். பெட்டிக்கு மறுபக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் வேதபுத்தகம் இருந்தது. திறக்கவில்லை.

"வரட்டும்" என்றாள் பிளஸ்ஸி. "ரிஜோ அம்மாவையும் பாக்கட்டும்."

தம்பி ரிஜோவுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. இரண்டு நாள் காத்துப் பார்த்துவிட்டு, அடக்கத்தைப் போனில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். ஊரில் இப்போதெல்லாம் அது புதிதில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் கல்யாணத்துக்கு வருகிற கேமராவே சாவுக்கும் வருகிறது. பிளஸ்ஸியின் வீட்டுக்கு மட்டும் வாடகைக் கேமரா வேண்டியிருக்கவில்லை. அவள் உதவி நூலகராக வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்தில் நிகழ்ச்சிகளைப் படம் பிடிப்பவன் ஸ்ரீஜித்தான். ஸ்டாண்டின் ஒரு காலில் நூலகத்தின் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முந்தாநாள் சாயங்காலம் அது கருத்தரங்கக் கூடத்தில் நின்றிருந்தது. அப்பாவும் அந்தக் கூடத்தில் இருந்தார்.

சுற்றிலும் உட்கார்ந்திருந்த பெண்கள் பாட்டை முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் பக்கம் தேடினார்கள். பிளஸ்ஸிக்கு அழுகை வரவில்லை. வரவில்லை என்பதை அவள் கவனித்தாள், குடிநீர்க் குழாயில் இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கவனிப்பதுபோல.

நூலகம் மாதத்துக்கு ஒரு பொதுச் சொற்பொழிவு நடத்தியது. சில மாதங்களில் வில்லுப்பாட்டு வைப்பார்கள், சில மாதங்களில் அடிமுறைச் சண்டை செய்து காட்ட ஆசான்களை அழைப்பார்கள். அன்றைக்கெல்லாம் ஜன்னல் பக்கமும் ஆள் நிற்கும். வெறும் பேச்சு என்றால் கூடம் காலியாகிவிடும். ஆனால் ஆண்டறிக்கைக்குப் போட்டோ வேண்டும். போட்டோவில் முதல் மூன்று வரிசையாவது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு வரிசைக்குத் துறைகளிலிருந்து பிள்ளைகளைப் பிடித்து உட்கார்த்துவார்கள். மூன்றாவது வரிசைக்குத்தான் பிளஸ்ஸி அப்பாவைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அப்பா ரசலையன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய நாற்காலி அவருடையது. மடியில் ரெக்சின் பையை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உறங்கிவிடுவார். தலை சாயாது, வாய் திறக்காது. டிப்போவில் வண்டி எடுக்கும்வரை பின்சீட்டில் நிமிர்ந்தபடியே உறங்கிப் பழகிய உடம்பு. போட்டோவில் கண்ணை மூடி ஆழமாகக் கேட்பவர்போல இருப்பார். பேச்சாளர் நன்றி சொல்லும்போது, இறங்க வேண்டிய இடம் வந்ததுபோல விழித்துக்கொண்டு முதல் கைதட்டலை அவர்தான் தட்டுவார். பிறகுதான் கூடம் தட்டும். கடைசியில் பிளஸ்ஸி நன்றியுரை சொல்லி முடித்தாலும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் இருந்து கணக்குச் சொல்வார். "இன்னைக்கு அம்பது டிக்கெட்டு தேறும் மக்கா. அதில பாதி பாஸு."

போன வருஷம் ஒருநாள் பேச்சு நீண்டுகொண்டே போனபோது கையைத் தூக்கிவிட்டார். பேச்சாளர் நிறுத்தி, சொல்லுங்க ஐயா என்றார். "ஒண்ணுமில்ல சார். எறங்க வேண்டிய ஸ்டாப்பு எப்பம் வரும்?" கூடமே சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். நூலகர் சிரிக்கவில்லை. மறுநாள் பிளஸ்ஸியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அன்று சாயங்காலம் பிளஸ்ஸி அப்பாவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னாள்.

"கேள்வி நேரம் கடைசியிலதாம்பா. அதுவரைக்கும் கை தூக்கப்பிடாது."

"செரி மேடம்" என்றார் ரசலையன். சொன்னபடியே நடந்தார், முந்தாநாள் வரைக்கும்.

பெட்டியின் அருகில் அத்தை செல்லபாய் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். தம்பியைப் பற்றிப் பேசும்போது சாவு வீட்டிலும் குரலைத் தாழ்த்தத் தெரியாதவள்.

"இவனுக்கு எதுக்கு லெக்சரு? சண்டே கிளாசிலயே ஒறங்குன பயலாக்கும். மவ விளிச்சா, எழும்பிப் போவான். அம்புட்டுதான்."

"ஒறக்கத்திலேயே போனாராமே" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஆமா, குடுத்து வச்சவன். ஒரு வலி இல்ல, ஒரு விளி இல்ல."

அப்படிச் சொன்னது பிளஸ்ஸிதான். ஆஸ்பத்திரியில் டாக்டர், இருதயம், கொஞ்ச நேரம் முன்னாலேயே உயிர் போயிருக்கிறது என்றார். பிளஸ்ஸி வெளியே வந்து, காத்து நின்றவர்களிடம், உறங்கிக்கொண்டே போய்விட்டார் என்றாள். அந்த வாக்கியம் அவளை முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

அம்மா மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தவள், அவர் வீட்டிலிருந்து இறங்கியதைப் பார்க்கவில்லை. நூலகத்திலிருந்து யார் மாலையோடு வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"கடைசியில யாரையாவது விளிச்சாவளா?"

வந்தவர்கள் பிளஸ்ஸியைப் பார்த்தார்கள். பிளஸ்ஸி பெட்டியைப் பார்த்தாள்.

போதகர் வர நேரமிருந்தது. தண்ணீர் டேங்கின் பக்கம் ஸ்ரீஜித் அவளைக் கூப்பிட்டான். கையில் சாயா கிளாஸ் இருந்தது. குடித்திருக்கவில்லை.

"அக்கா, ஹாலில மேடை ஓரத்தில பழைய போன் ஒண்ண வச்சு சபையை எடுப்போம்லா. ரிப்போர்ட்டுக்கு."

"ம்."

"நான் அதப் போட்டுப் பாத்தேன்." அவன் கிளாஸைக் கைமாற்றினான். "ஒறக்கத்தில இல்லக்கா. கை தூக்குறாரு."

டேங்கின் மூடிமேல் யாரோ கழற்றி வைத்த கைக்கடிகாரம் இருந்தது. பிளஸ்ஸி அதை விளிம்பிலிருந்து நடுவுக்குத் தள்ளி வைத்தாள்.

"வேற யாரும் அதப் பாக்கல்ல. நீங்க சொன்னா அழிச்சிருவேன்."

"அதில நான் தெரியுறேனா?"

"இல்லக்கா. சபை மட்டுந்தான். மேடை வராது."

"இருக்கட்டும்" என்றாள். அழிக்காமல் இருக்கட்டும் என்றா, இந்தப் பேச்சு இருக்கட்டும் என்றா, அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

ஸ்ரீஜித் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தாநாள் அவள் மேடையின் ஓரத்து நாற்காலியில் இருந்து பார்த்திருந்தாள். பேச்சாளர் பேச்சிப்பாறை அணையின் கதையை முடித்துவிட்டுக் கால்வாய்களுக்கு வந்திருந்தார். ஒவ்வொரு மடையாகச் சொல்லிக்கொண்டு போனார். அப்போதுதான் பைமேல் இருந்த அப்பாவின் வலது கை தோள் உயரத்துக்கு எழுந்தது. விரல்கள் விரிந்திருந்தன. அவர் பேச்சாளரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். மறுபடியும் ஸ்டாப்பு கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். நூலகர் முதல் வரிசையில் இருந்தார். பிளஸ்ஸி உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இரண்டு தடவை மெல்ல அமர்த்தினாள். பிறகு, கடைசியில் என்று அர்த்தம். அப்பாவின் கை இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது வழக்கம்போல நிமிர்ந்து கண்ணை மூடியிருந்தார். பேச்சு அதற்குப் பிறகும் வெகுநேரம் நடந்தது.

பேச்சு முடிந்தபோது முதல் இரண்டு வரிசைகளும் தாங்களாகவே தட்டின. அவள் மேடையின் பின்பக்கம் புத்தகப் பரிசை எடுத்துவைத்துக்கொண்டிருந்ததால் அப்பா தட்டாததைக் கவனிக்கவில்லை. அவளுடைய நன்றியுரை முடிந்தபோது யாரும் தட்டவில்லை. முதல் கைதட்டல் வரும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். பிறகுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

போதகர் வந்து ஆராதனையை நடத்தினார். ரசலையனின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்கள். பிறந்த ஊர், ஞானஸ்நானம், வேலை, ஓய்வு. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. குடும்பத்தின் சார்பில் யாராவது நன்றி சொல்லலாம் என்றார் போதகர்.

"நீயே சொல்லு பிள்ளே" என்று செல்லபாய் முதுகில் தட்டினாள். "உனக்குப் பழக்கம்லா."

பிளஸ்ஸி எழுந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். எதிரே கேமரா இருந்தது. போதகருக்கு நன்றி சொன்னாள். சபையாருக்கு, பாடகர் குழுவினருக்கு, பந்தல் போட்டுத் தந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு, வர முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. யார் பெயரும் விடுபடவில்லை, குரல் எங்கும் தட்டவில்லை. முடித்துவிட்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. பந்தலின் துணி காற்றில் உப்பிப் படிந்தது. நின்றுகொண்டே இருந்தவளைச் செல்லபாய் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கல்லறைத் தோட்டம் பக்கத்தில்தான். மணி அடித்தது. ஸ்ரீஜித் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் ஓடினான். எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. பெட்டி நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். செல்லபாய் கால் நீட்டிப் படுத்து உறங்கிவிட்டாள்.

ரிஜோ வீடியோ காலில் வந்தான். கண் வீங்கியிருந்தது. பின்னால் அடுக்குக் கட்டில்கள் தெரிந்தன.

"எல்லாம் கண்டேம்மா. நல்லா தெரிஞ்சுது." போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். "அக்கா, அன்னைக்கு ஹாலிலயும் வீடியோ எடுத்திருப்பாவல்லா? அப்பா அதில இருப்பாருல்லா?"

ஸ்ரீஜித் வயரைச் சுருட்டுவதை நிறுத்தினான்.

"வீடியோ இருக்கா?" என்றாள் அம்மா. நாள் முழுக்கத் தாழ்ந்திருந்த தலை நிமிர்ந்தது. "மக்கா, நெசமா? இருக்கா?"

இல்லை என்று சொல்ல பிளஸ்ஸிக்கு ஒரு வார்த்தை போதும். ஸ்ரீஜித் அந்த வார்த்தைக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கும்மா" என்றாள். "ஸ்ரீஜித், போட்டுக் காட்டு."

பிறகு அனுப்புகிறேன் என்று ரிஜோவிடம் சொல்லிப் போனை வைத்தாள். ஸ்ரீஜித் அம்மாவின் நாற்காலிப் பக்கத்தில் குந்தி, அந்தப் பழைய போனை நீட்டிப் பிடித்தான். பேச்சாளரின் குரல் மட்டும் வந்தது. முகம் இல்லை. திரையில் முதல் வரிசையில் நூலகரின் வழுக்கை, அதற்குப் பின்னால் மடியில் போன் பார்க்கும் பிள்ளைகள், அதற்குப் பின்னால் ரெக்சின் பையோடு ரசலையன்.

"நல்ல சட்டையை இட்டிருக்காவ" என்றாள் அம்மா.

குரல் மடை மடையாகப் போய்க்கொண்டிருந்தது. ரசலையன் ஒருதடவை நெஞ்சைத் தடவினார். பிறகு கை எழுந்தது. அம்மா போனுக்குக் குனிந்தாள். கை தோள் உயரத்தில் நின்றது. சட்டென்று ரசலையன் சிரித்தார். அகப்பட்டுக்கொண்டவர் சிரிக்கிற சிரிப்பு. தலையை ஒரு தடவை ஆட்டினார். கை பைக்குத் திரும்பியது. கண் மூடியது.

அந்தச் சிரிப்பைப் பிளஸ்ஸி அன்றைக்குப் பார்த்திருக்கவில்லை. கையை அமர்த்தியதும் அவள் நூலகரின் பக்கம் திரும்பியிருந்தாள்.

"நிறுத்து" என்றாள் அம்மா. ஸ்ரீஜித் நிறுத்தினான்.

"சிரிச்சாவல்லா?"

"ஆமாம்மா."

"யாரப் பாத்து?"

ஸ்ரீஜித் தரையைப் பார்த்தான்.

"என்னத்தான்" என்றாள் பிளஸ்ஸி.

"விளிச்சதும் உன்னத்தானா?"

"ஆமா."

"நீ என்ன செய்த?"

பிளஸ்ஸி வாயைத் திறந்தாள். நன்றியுரையில் எங்கும் தட்டாத குரல் வரவில்லை. மடியிலிருந்து அவள் வலது கை எழுந்தது. உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பியது. இரண்டு தடவை மெல்ல அமர்ந்தது.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கஞ்சியில் ஆடை படிந்திருந்தது. உள்ளே செல்லபாய் உறக்கத்தில் புரண்டு படுத்தாள்.

"பிள்ளே" என்றாள் அம்மா, ஸ்ரீஜித்தைப் பார்த்து. "இன்னும் ஒருக்கா போடு."

அவன் விரலால் பின்னுக்கு இழுத்தான். குரல் மறுபடியும் முதல் மடைக்குப் போனது. அம்மா போனைத் தன் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். பிளஸ்ஸியின் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள், அவளுக்கும் தெரியும்படி.

ரசலையன் நெஞ்சைத் தடவினார். பைமேல் இருந்த கை மெல்ல எழத் தொடங்கியது.