ஒரே அர்த்தம்

தையல் ஆலையின் விசாரணை அறையில் மேற்பார்வையாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பொத்தான் தைக்கும் பெண் தலைகுனிந்து நின்றாள். அவளுடைய புகார் ஒரே வரிதான்: "ரூமுக்கு வந்து படுன்னாரு."

"ஆமா, சொன்னேன்," என்றார் அவர், கூச்சமே இல்லாமல். "காய்ச்சல்ல துவண்டு கிடந்தா. ரூம்ல கொஞ்ச நேரம் படும்மான்னேன். பெத்த பொண்ணு மாதிரி நெனச்சதுக்கு என் தலையிலயே மண்ணள்ளிப் போடுறா."

விசாரித்துக்கொண்டிருந்த மேலாளர் பேனாவை மூடினார். "படுன்னா ரெண்டு அர்த்தமும் வருமே. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

அவர்மேல் புகார் கொடுத்த அடுத்தவள் துணி வெட்டும் பிரிவில் வேலை செய்பவள், வேற்று நாட்டுக்காரி. அவள் பாஷைக்காகவே ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள். "உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று மொழிபெயர்ப்பாளர் அந்தப் பாஷையில் கேட்டாள். அந்தப் பெண் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

அதே சொல்தானா என்று மொழிபெயர்ப்பாளர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"என்ன மேடம் சொல்றா?" என்றார் மேலாளர்.

"இவங்க பாஷையில உடம்பு முடியாம படுக்கறதுக்கு வேற வார்த்தை சார். இவர் சொன்னது அது இல்ல. ஆம்பள பொம்பளயக் கூப்பிடற வார்த்தை. அதுக்கு அந்த ஒரு அர்த்தந்தான்."

"எனக்கு அவங்க பாஷை அரைகுறை. வாய் தவறியிருக்கும்," என்றார் மேற்பார்வையாளர்.

"சரி. அவங்க பாஷையில தண்ணிக்கு என்ன வார்த்தை, சொல்லுங்க," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

மேற்பார்வையாளர் மேலாளரைப் பார்த்தார்.

"காய்ச்சலுக்கு?"

மேலே போட்டிருந்த கால் கீழே இறங்கியது.

"தண்ணி தெரியல, காய்ச்சல் தெரியல. இதை மட்டும் யார்கிட்டயோ கேட்டுக் கத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், நாம 'ஓய்வெடு'ன்னே எழுதிக்கலாமா? ஆலை பேரு கெட்டுடும், பாருங்க."

மேற்பார்வையாளரைவிட இந்த மேலாளர்மேல்தான் மொழிபெயர்ப்பாளருக்கு அதிகம் அருவருப்பு வந்தது. அந்த ஆளாவது ஆசைக்குப் பொய் சொன்னான். இவரோ சாவகாசமாக, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அந்த அழுக்கைத் துடைக்க வார்த்தை தேடுகிறார்.

"நான் சொல்ல மாட்டேன் சார். வேணும்னா நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்க."

அவருக்கு அந்தத் தைரியம் இல்லை. சாயங்காலத்துக்குள் மேற்பார்வையாளரை வேலையைவிட்டு நீக்கினார்கள்.

குழாயடியில் மொழிபெயர்ப்பாளர் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சொல்லை அவளும் உச்சரிக்க வேண்டியிருந்ததே. பொத்தான் தைக்கும் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் சொன்னதும் அதேதானே? என்னை ஏன் நம்பல?"

"நீ சொன்னதுல ரெண்டு அர்த்தம் இருக்குன்னுட்டாங்கம்மா," என்றாள். மேலாளரின் அந்தப் பேச்சைத் தன் வாயால் சொன்னதுமே திரும்பிக் காறித் துப்பினாள்.