எல்லாக் கதவும் திறந்திருந்த வீடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. யாருடைய கட்டில் என்று கேட்காதீர்கள். கதைக்குள் அதைச் சொர்ணலட்சுமியின் கட்டில் என்று எழுதியிருக்கிறேன். பழியை அவள் சுமக்கட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், பாரிஜாதம் நகர் இரண்டாம் தெருவில், மண்வாசனை..."

விருதுநகர்க் கதையை மழையில் தொடங்கினால் உள்ளூர்க்காரர் எவரும் இரண்டாவது வரிக்கு வரமாட்டார். அடித்துவிட்டேன்.

அடுத்தது: "எதிர்வீட்டுக்கு யாரோ குடிவந்திருக்கிறார்கள்."

இது தேவலை. சொர்ணலட்சுமி சொன்ன வாக்கியமும் இதுதான். அவள் ஊர்வம்பு பேசுகிறவள் அல்ல. எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும், அவ்வளவுதான்.

2

மற்ற ஊர்களில் புதிதாக வந்தவர்கள் கதவைச் சாத்தியே வைத்திருந்தால் சந்தேகப்படுவார்கள். இவர்கள் எல்லாக் கதவையும் திறந்தே வைத்திருந்தார்கள். முன்கதவு, பின்கதவு, பக்கவாட்டுக் கதவு என்று எதையும் பகலில் சாத்துவதே இல்லை. தெரு கதிகலங்கிவிட்டது.

(வெளியூர் வாசகருக்கு: பட்டாசு ஆலையில் வெடிமருந்து வேலை நடக்கும் அறைக்கு நான்கு பக்கமும் கதவு இருக்கும். எல்லாம் திறந்திருக்க வேண்டும். ஏதாவது ஆனால் ஓடுவதற்கு. இது எங்கள் பக்கம் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.)

போதாததற்கு வாசலில் மணல் நிரப்பிய ஆறு சிவப்பு வாளிகள். அந்த வீட்டுப் பெண் பொன்னுத்தங்கம், மருந்து அறையில் வேலை பார்ப்பவளைப் போல, நூல்சேலை தவிர வேறு கட்டுவதில்லை. அடுப்பும் தீ எரியாத கரண்டு அடுப்பு. புருஷன் பெயர் ஊர்க்காவலன்; கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடி உருட்டுகிறார்கள் என்று தெரு முடிவுகட்ட இதற்குமேல் என்ன வேண்டும்?

3

தெருவின் வாட்ஸ்அப் குழுவில், மிளகாய் வத்தல் வியாபாரம் பார்க்கும் ஜமால் முகம்மது ஒரு யோசனை சொன்னார். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சூலக்கரை கூப்பிடு தூரம்தானே, ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றார்.

நாற்பத்தோரு பேர் இருந்த குழுவில் அன்று சாயங்காலம் வரை ஒரு குட்மார்னிங்கூட வரவில்லை.

காரணம், சொர்ணலட்சுமியின் கட்டிலுக்கு அடியில் முப்பத்திரண்டு பட்டாசு கிப்ட் பாக்ஸ்கள் இருந்தன. உரிமம் கிடையாது. சீசனுக்குச் சீசன் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் பரணில். ஜமால் முகம்மது வீட்டில் வத்தல் மூடை மட்டும் இருந்ததால்தான் அவரால் தைரியமாக மனு என்று பேச முடிந்தது.

சொர்ணலட்சுமி அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஆபீசர்க வேண்டாம் பாய். அந்த வீட்டுக்கு வந்தவுக எதிர்வீட்டுல தண்ணி குடிக்க வந்தாகன்னா என்ன செய்ய?"

4

இங்கே ஒரு தடுமாற்றம். சொர்ணலட்சுமியின் கணவர் சங்கரபாண்டியன் காலண்டர் ஆர்டர் எடுக்கிறவர். மூன்று அத்தியாயம் தாண்டியும் அவருக்குக் கதையில் வேலையில்லை. ஈஸிசேரில் இருக்கிறார். தூக்கிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் கிப்ட் பாக்ஸ்களை வாங்கி வந்தது அவர்தான். அவரைத் தூக்கினால் பெட்டிகளையும் தூக்க வேண்டும். பிறகு கதையே இல்லை. இருக்கட்டும்.

5

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில், காலை பதினோரு மணிக்கு, ஒரு தூக்குவாளி அதிரசத்தோடு சொர்ணலட்சுமி உளவுபார்க்கப் போனாள். மருந்து வாசனை வருகிறதா என்று மூக்கை விடைத்துக்கொண்டே நுழைந்தாள். ரசம் கொதிக்கும் வாசனைதான் வந்தது. உருட்டிய வெடி ஒன்றுகூட இல்லை. இரண்டு பாய்கள் பின்கதவுக்குப் பக்கத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

பொன்னுத்தங்கம் வாளியை வாங்கிக்கொண்டு, யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவளைப் போலப் பேசினாள்.

"வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்தோம்க்கா. பக்கத்து வீட்டுல வெடிய ஒளிச்சு வச்சிருந்திருக்காக, எங்களுக்குத் தெரியாது. ஒருநா காலையில சுவரு எங்க மேல வந்து விழுந்துச்சு. அன்னைக்குப் போனதுதான் இவுக காது. கதவு சாத்தியிருந்துச்சு. மகளத் தூக்கிட்டுத் தாழ்ப்பாளத் திறந்து வெளிய வர்றதுக்குள்ள..."

(முதல் பிரிவில் பாதியில் நிற்கும் வாக்கியத்தை நிறுத்தியது நான். இதை நிறுத்தியது அவள். முடித்து எழுத எனக்குத் துணிவில்லை.)

சொர்ணலட்சுமிக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. சொல்லிவைத்தாற்போல அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"நாய் வந்து பாலக் குடிச்சிட்டுப் போயிருதுக்கா. பின்கதவயாவது சாத்தலாம்னு பாக்கேன். நீங்க சொல்லுங்க, இந்தத் தெருவுல எவுக வீட்டுலயும் வெடி கிடி இல்லையே?"

6

நான் எழுதிய முதல் முடிவில், சொர்ணலட்சுமி "ஒண்ணும் இல்ல தாயி" என்றாள். பொன்னுத்தங்கம் அன்று மத்தியானம் மூன்று கதவையும் சாத்தித் தாழ்போட்டுவிட்டுத் தூங்கினாள். கதவைச் சாத்துகிறார்கள், நல்ல குடும்பம்தான் என்று தெரு நிம்மதி அடைந்தது. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில், உண்மையைச் சொன்னாள். மறுநாளே லோடு ஆட்டோ வந்தது. மணல் வாளிகளை ஜமால் முகம்மதுதான் ஏற்றிவிட்டார். மனு எழுதாமலே தெரு நினைத்தது நடந்துவிட்டது. பொன்னுத்தங்கம் இன்னொரு தெருவில், இன்னொரு பதிலுக்காக.

மூன்றாவதில், வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டிகளை முதலில் இழுத்து வெளியே போட்டாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் வேலையில்லாமல் இருந்த சங்கரபாண்டியன் ஈஸிசேரிலிருந்து எழுந்துவிட்டார். "பெட்டிக்கெல்லாம் ஆர்டர் எடுத்தாச்சு. நாலு நாளுதான, அதுக்குள்ள என்ன ஆகிரப்போகுது?" என்றார். அவரை வாயடைக்க வைக்கும் பதில் ஒன்றை யோசித்தேன். போன வருஷம் என் வீட்டில் அதே வாக்கியத்தைச் சொன்னவன் நான்.

நான்காவது முடிவை நீங்களே எதிர்பார்த்திருப்பீர்கள். சிவகாசிப் பக்கத்துக் கதை என்றால் கடைசியில் வெடித்தாக வேண்டும் என்று வெளியூரில் ஓர் எண்ணம். அதை நான் எழுதமாட்டேன். எங்கள் செய்தித்தாள் போதுமான அளவு எழுதிவிட்டது.

ஆகவே சொர்ணலட்சுமி அந்த நடுக்கூடத்திலேயே நிற்கிறாள். திறந்த முன்கதவு வழியே எதிரே அவள் வீட்டு ஜன்னலும், ஜன்னலுக்குள் கட்டில் காலும் தெரிகின்றன. பொன்னுத்தங்கம் பின்கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். ரசம் பொங்கப் போகிறது. எனக்கு இனி இருக்க நேரமில்லை. குனிந்து இழுக்க என் வீட்டிலும் முப்பத்திரண்டு பெட்டிகள் இருக்கின்றன.

நீங்கள் சொல்லுங்கள். அவள் அந்தக் கதவைச் சாத்தலாமா?