ராஜேஸ்வரி ஒன்றிலிருந்து எண்ணுகிறாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிமெண்டு பெஞ்சில் கிடைத்தது. சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்கு உட்கார்ந்திருந்தேன். வண்டி தாமதம். கனத்த உடம்புக்காரப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் அமர்ந்தாள். மூச்சு அடங்கியதும் எழுந்து, வாய்க்குள் "ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கு நடந்தாள். அங்கே உட்கார்ந்தாள். எழுந்தாள். பிளாட்பாரக் கடைசிவரை இப்படியே போய், திரும்பி என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து எழுந்தாள். அப்போதும் "ஒண்ணு" என்றாள்.

வண்டி வருவதற்குள் அவள் வாயிலிருந்து ஐந்து 'ஒண்ணு' கேட்டுவிட்டேன். ஒரு 'ரெண்டு'கூட வரவில்லை. கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டேன்.

"நடுவுல உக்காந்துட்டேன்லா? அப்ப ஒண்ணுலேர்ந்துதானே" என்றாள், இதுகூடவா தெரியாது என்பது போல.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினேன். நானும் இந்த ஊர்க்காரிதானே, மக்கா.

அப்புறம் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது: ராஜேஸ்வரி நடந்து வந்தால் பிளாட்பாரமே—

அடித்துவிட்டேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நல்ல இடத்திலிருந்து வரவில்லை.

இரண்டாவது: உடல் பருமன் என்பது இன்றைய சமுதாயத்தில்—

இதை எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன.

மூன்றாவது: ராஜேஸ்வரிக்கு வயது நாற்பத்துநான்கு, எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. பொய்யில்லை. ஆனால் எடையை முதல் வரியில் வைத்தால் கதை முடியும்வரை அதுவே அவள் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கும். நீங்களும் ஒவ்வொரு பக்கத்திலும் அது இறங்கிற்றா என்றே பார்ப்பீர்கள். (பார்க்காதீர்கள். பார்ப்பீர்கள் என்று தெரியும்.)

2

ராஜேஸ்வரி தையல்காரி. ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை. கணவன் மாரிச்செல்வத்துக்கு வீட்டுப் பின்கட்டில் நாலு விசைத்தறி. தறி ஓடுகிற வீட்டில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் சண்டையும் ஒரே தொண்டையில்தான். அதனால் ராஜேஸ்வரிக்கு முழங்கால் வலி என்பதும், பால் பூத்துக்குப் போய்த் திரும்ப இரண்டு தடவை நிற்கிறாள் என்பதும் தெரு முழுக்கத் தெரியும்.

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று தொடங்கும். கோயில் பிரகாரத்தை நூற்றியொரு தடவை சுற்றுவார்கள். வசதிப்படி பத்து நாள்வரை பிரித்தும் சுற்றலாம். கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள்; அவள் கால் வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று பேச்சு.)

போன ஆடியில் ராஜேஸ்வரியும் குடும்பத்தோடு இறங்கினாள். அரைச் சுற்றில் நெஞ்சு முட்டிக்கொண்டது. ஒரு தூணில் கையை ஊன்றி நின்றாள். பின்னால் வந்த கூட்டம் அவளுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போனது. அதில் ஒரு ஆண் குரல், "தேர் நிலைக்கு வந்துட்டு வே" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். ராஜேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து முகத்தைத் தெரிந்துகொண்டால் நாளைக்குக் கடைத்தெருவில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்றே அவளுடைய நாத்தனார் பொன்மணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து மண்டபத்து ஓரத்தில் போட்டாள். மைனி (அண்ணியை அப்படித்தான் சொல்வோம்) பையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். மீதி நாளெல்லாம் ராஜேஸ்வரி ஏழு பைகளுக்கும் ஒரு தூக்குவாளிக்கும் காவல் இருந்தாள். குடும்பம் சுற்றி வந்து, தண்ணீர் குடித்து, அவள் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மறுபடி எழுந்து போனது.

அந்த நாற்காலியில் வைத்து ஒன்றை முடிவு செய்தாள். அடுத்த ஆடிக்கு நூற்றியொன்று, தன் காலால். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் சொன்னால் தெருவுக்குச் சொன்னதாகிவிடும்.

3

இந்த இடத்தில் ஒரு டாக்டரைக் கண்டிப்பான ஆளாக எழுதிப் பார்த்தேன். 'சோற்றைக் குறை' என்று அதட்டுகிறவர். ராஜேஸ்வரிக்கு அப்படி நாலு பேரை ஏற்கெனவே தெரியும். ஐந்தாவது ஆளை நான் எழுதித் தர வேண்டியதில்லை.

உள்ளபடி நடந்தது இது. பங்குனியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக்குக்கு முழங்காலைக் காட்டப் போனாள். அங்கே பிசியோதெரபிஸ்டாக இருந்தது நஸ்ரின் பானு. கடையநல்லூர்க்காரி, முப்பது வயதுக்குள். அவள் எடை இயந்திரத்தை வெளியே எடுக்கவே இல்லை. வராந்தாவில் இரண்டு செங்கலை வைத்து, அதற்கும் இதற்குமாக ஆறு நிமிடம் நடக்கச் சொன்னாள். ராஜேஸ்வரி மூன்று தடவை நின்றாள். இருநூற்று நாற்பது மீட்டர் என்று குறித்துக்கொண்டாள் நஸ்ரின்.

"ஒரே தூரத்துக்கு உங்க உடம்பு நிறைய மூச்சு செலவழிக்குதுக்கா. காலுக்குப் பலம் வந்தா அந்தச் செலவு குறையும். கிலோ குறைஞ்சாலும் குறையட்டும், குறையாட்டியும் போகட்டும். நாம நடைய லேசாக்குவோம்."

அந்த 'நாம' ராஜேஸ்வரியைப் பிடித்து இழுத்தது.

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. வாசல் படியில் ஒரு கால் ஏறி இறங்குவது. ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுப்பது. பிறகு நடை: மூச்சு வாங்கும்வரை நட, உட்கார், அடங்கியதும் நட. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். அடிக்கடி உட்கார இடம் வேண்டும் என்பதால் ரயில் நிலையம்.* தினமும் எத்தனை பெஞ்ச் தூரம் நடந்தாள் என்று எண்ணி வந்து சொல்ல வேண்டும்.

* பிளாட்பார டிக்கெட் எடுத்தாளா என்று கேட்பீர்கள். எடுத்தாள். நானும் கேட்டுவிட்டேன்.

4

முதல் வாரம் கிளினிக்கில் ராஜேஸ்வரி, "ஒண்ணு" என்றாள். இரண்டாம் வாரமும் ஒன்று. மூன்றாம் வாரம் கொஞ்சம் நிமிர்ந்து, "ரெண்டு" என்றாள்.

நஸ்ரின் பேனாவை வைத்துவிட்டாள். நாற்காலிப் பயிற்சியில் பத்துத் தடவை எழுகிற கால், நடையில் இரண்டு பெஞ்சுக்கு மேல் போகாதா? வீட்டில் வேலை அதிகமா என்று கேட்டாள். இல்லை என்றாள் ராஜேஸ்வரி. நஸ்ரின் தயங்கித் தயங்கி, நடக்காத நாளில் நடக்கவில்லை என்று சொல்லலாம், தான் கோபிக்கப்போவதில்லை என்றாள்.

(இங்கே நஸ்ரின் மேல் எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள் கண்ணால் பாருங்கள்: கையில் இருக்கிற தாளில் ஒன்று, ஒன்று, இரண்டு.)

ராஜேஸ்வரிக்கு முகம் சுருங்கிவிட்டது. தின்பதைப் பற்றி அவளைப் பொய் சொல்கிறவள் என்று நினைத்தவர்கள் உண்டு. நடையைப் பற்றியும் அப்படி ஒரு பெயர் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. "நாளைக்கு வந்து பாருங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் காலை நஸ்ரின் பானு பிளாட்பாரத்தில் நின்று பார்த்தாள். ராஜேஸ்வரி நடந்தாள், உட்கார்ந்தாள், நடந்தாள். நஸ்ரின் விரல் மடக்கி எண்ணினாள். இரண்டு கை விரலும் தீர்ந்து, மறுபடி தொடங்கி, மறுபடியும் தீர்ந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ராஜேஸ்வரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ரெண்டு" என்றாள்.

"எக்கா, இருவத்தாறு."

"இல்ல மேடம். இடையில உக்காந்துட்டேன்லா? உக்காந்தா அழிஞ்சிரும். அம்மன் உக்காராமத்தான நிக்கா?"

நஸ்ரினுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. முதல் காரியமாக நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"கோயில் கணக்கு எனக்குத் தெரியாதுக்கா. உடம்புக் கணக்கு தெரியும். நீங்க எழுந்திரிச்ச ஒவ்வொரு தடவையும் உங்க கால் எழுதி வச்சிருக்கு. நீங்கதான் அழிக்கீங்க."

அந்த மூன்று வாரத்தில் அவள் ஐந்நூறு பெஞ்சுக்கு மேல் நடந்திருக்கிறாள். ராஜேஸ்வரி பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அவ்வளவும் தான் நடந்தது என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, "அப்ப நாளைக்கு இருவத்தேழு" என்றாள்.

5

பொன்மணியைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவளைக் கெட்டவளாக வைத்தேன். நாற்காலி வாங்கிப் போட்டது அவள்தானே. இரண்டாம் பிரதியில் அந்த நாற்காலியைத் தலையில் சுமந்து கூட்டத்துக்குள் கொண்டுவந்த பொன்மணி கண்ணில் பட்டாள். அண்ணன் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவள் பயந்து போயிருந்தாள். பயந்த மனுஷி நாற்காலி போட்டாள். அதில் என்ன கெட்டது?

ஆனாலும் வாய் இருக்கிறதே. ஆனி மாதம் ஒருநாள் தறிச் சத்தத்துக்கு மேல், "நாலு மாசமா ஆட்டம் போடுதியளே மைனி, எத்தன கிலோ எறங்கியிருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

பொன்மணி சிரித்தாள். மாரிச்செல்வமும் தறிக்குப் பின்னாலிருந்து சிரித்தான். (நீங்களும் இதைத்தான் கேட்க இருந்தீர்கள். சொல்லிவிட்டேன். இரண்டு கிலோ. அதற்கு மேல் இந்தக் கதையில் இறங்காது.)

அன்று காலைதான் நஸ்ரின் மறுபடி செங்கல் வைத்திருந்தாள். ஆறு நிமிடம். ராஜேஸ்வரி ஒரு தடவையும் நிற்கவில்லை. முன்னூற்றுத் தொண்ணூறு மீட்டர். நாலாவது நிமிடத்தில், நஸ்ரினின் அக்கா மகளுக்கு ஜாக்கெட் தைக்கக் கழுத்து எப்படி வேண்டும் என்று பேசிக்கொண்டே நடந்தாள். பேசியது தனக்கே பிறகுதான் தெரிந்தது.

அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். எங்கேயும் நிற்காமல் போய்வந்தாள். தறியை நிறுத்திவிட்டு மாரிச்செல்வம் வாசலுக்கு வந்தான். "என்னட்டி, அதுக்குள்ள வந்துட்ட?" என்றான்.

6

கொடியேறியது. முதல் நாள் ஒன்பது சுற்று. பத்தாவதில் முழங்கால் சொல்லிற்று, உட்கார் என்று.

இங்கேதான் ராஜேஸ்வரி தயங்கினாள். ரயில் நிலையத்தில் உட்கார்வது வேறு. அங்கே பார்க்க நானும் சில பயணிகளும்தான். இங்கே ஊரே சுற்றுகிறது. உட்கார்ந்தால் ஒன்பதும் போய்விடுமோ? பக்கத்தில் வந்த பொன்மணியைப் பிடித்து, சுற்றுக்கு நடுவில் உட்கார்ந்தால் கணக்கு அழியுமா என்று கேட்டாள்.

"யாரு சொன்னா? போன வருஷம் நான் நடுவுல காப்பி குடிக்கவே போனேனே. நீங்கதான மைனி பையப் பாத்துக்கிட்டிய?"

ராஜேஸ்வரிக்கு எல்லாம் கண் முன்னால் வந்தது. போன ஆடியில் அத்தனை பேரும் அவள் நாற்காலிப் பக்கத்தில்தான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள். யார் கணக்கும் அழியவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்தால் இளைப்பாறுகிறார்கள். அவள் உட்கார்ந்தால் தோற்றுப்போகிறாள். இந்தச் சட்டத்தைக் கோயில் போடவில்லை. யாரோ சிரித்த சிரிப்பைக் கொண்டு அவளே தனக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தாள். மண்டபத்து ஓரத்தில் தரையில், நன்றாகக் கால் நீட்டி. இரண்டு நிமிடம். கை ஊன்றாமல் எழுந்தாள்.

7

முடிவு. மூன்று எழுதினேன்.

அ) நூற்றியொன்று முடிகிறது, கூட்டம் கைதட்டுகிறது. — கோயிலில் யார் கைதட்டுவார்கள்? அடி.

ஆ) கேலி செய்தவன் வந்து மன்னிப்புக் கேட்கிறான். — அவன் யார் என்றே அவளுக்குத் தெரியாது. சொன்னதை அவன் அன்றைக்கே மறந்திருப்பான். அடி.

இ) அவள் பாதியில் நிறுத்துகிறாள், ஆனால் மனநிறைவோடு— — எனக்கே கோபம் வந்தது. கிழித்தேன்.

கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஐந்தாம் நாள் மாலை நானும் போயிருந்தேன். ராஜேஸ்வரி ஒரு சுற்று முடித்துத் தூணடியில் உட்கார்ந்தாள். கடந்து போனவர்களில் சிலர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள். பிறகு எழுந்தாள். இத்தனை மாதமும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தவள், தறி வீட்டுத் தொண்டையில், பிரகாரத்துக்கே கேட்கச் சொன்னாள்:

"அறுவத்திமூணு முடிஞ்சிட்டு."

பொன்மணி பின்னாலிருந்து, "எனக்கு அம்பத்தெட்டுதான், நில்லுங்க மைனி" என்றாள். ராஜேஸ்வரி நிற்கவில்லை.

இன்னும் முப்பத்தெட்டு இருக்கிறது. ஒரே வரியில் நான் முடித்துவிடலாம். எழுதுகிறவளுக்கு அது மூச்சு வாங்காத வேலை. ஆனால் இந்த நடையை அவள் கால் மட்டுமே நடக்கட்டும். நான் இங்கே நின்றுகொள்கிறேன். அவள் அதோ மூலை திரும்புகிறாள், பின்னால் போங்கள். வேகமாகப் போக வேண்டாம், பேசிக்கொண்டே போகலாம், அவளும் பேசுவாள். அவள் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். அவள் எழுந்ததும் அறுபத்துநான்கிலிருந்து எண்ணுங்கள்.