அரைப் பக்கப் பதில்

நான் மேயர் தேர்தலில் நிற்பது ஏன் என்று ஊரில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். பெண்டாட்டி போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பது ஒன்று. யாரோ பின்னாலிருந்து ஆட்டுவிக்கிறார்கள் என்பது இன்னொன்று. ரயில் பாதைக்கு மேல் நடைபாலம் கட்டுவதற்காக என்பது மூன்றாவது. துண்டறிக்கையில் அச்சடித்திருப்பதும் அதுதான். அது பொய்யில்லை. ஆனால் முழுக் காரணம் என் மச்சானுக்கு மட்டும் தெரியும். மேயரின் அலமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் என் மனைவி எனக்கு எழுதிய பதில் இருக்கிறது. நான் அதை இன்னும் படிக்கவில்லை.

போன மாதம் வரை மாநகராட்சியில் பிரிவு அலுவலராக இருந்தேன். அவள் மாடியில் பொறியாளர். அவள் அனுப்பும் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் மேயருக்குப் போகும். குறிப்புத் தாளில் ஒருவர் எழுதியதற்குக் கீழேதான் அடுத்தவர் எழுத வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுடைய வரிகளுக்குக் கீழே எழுதிப் பழகியவன் நான். தேவையே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புவேன். பதில் வரும் என்பதற்காகத்தான். 'வடிகாலின் ஆழம் சரிபார்க்கப்பட்டதா?' என்று ஒரு முறை கேட்டேன். 'சரிபார்க்கப்பட்டது. ஐயமிருப்பின் பிரிவு அலுவலர் இறங்கிப் பார்க்கலாம். மாற்று உடை கொண்டுவரவும்' என்று எழுதினாள். அதன் கீழே அப்போதைய மேயர் கையெழுத்திட்டிருந்தார். அவர் அதைப் படித்தாரா என்று தெரியாது.

நடைபாலம் அவளுடைய மூன்று வருட உழைப்பு. அளவெடுத்து, ரயில்வேயின் சம்மதம் வாங்கி, வரைபடம் முடித்து அனுப்பினாள். அப்படியே மேலே அனுப்பியிருக்கலாம். நான், 'படிகள் நாற்பத்தொன்று என்பது ஏன்? நாற்பது போதாதா?' என்று எழுதித் திருப்பினேன். அன்று மாலை வீட்டில் அவளிடமே கேட்டேன்.

"கேள்வி கோப்புல வந்தா பதிலும் கோப்புலதான் வரும்" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸ் விஷயத்தை வீட்ல பேசக்கூடாது, சார்."

அடுத்த வாரம் பதிலை எழுதி அனுப்பிவிட்டாள். அன்றிரவே தலைவலி என்றாள். மூன்றாம் நாள் அவள் இல்லை.

நான் விடுப்பில் இருந்தபோது என் இடத்தில் இருந்தவர் கோப்பை மேலே அனுப்பினார். அதற்குள் பழைய மேயரின் பதவிக்காலம் முடிந்திருந்தது. புதியவருக்கு அலுவலகத்தில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் நாளைக்குப் பார்ப்போம் என்பார். பாலம் இறங்குகிற இடத்தில் அவர் தம்பியின் கடைகள் வேறு இருந்தன. கோப்பு அலமாரிக்குள் போய், அடுத்த தேர்தல் வரும் வரை அங்கேயே கிடந்தது. நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் பழையவர் கையெழுத்துப் போட்டிருப்பார். ஜனங்கள் இன்னும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

நகல் கேட்டேன். முடிவாகாத கோப்புக்கு நகல் தர விதியில்லை. அந்த விதியை எத்தனையோ பேருக்கு நானே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கோப்பை மாடியிலிருந்து கொண்டுபோன கடைநிலை ஊழியர் ஒரு நாள் சொன்னார். "அம்மா அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தாங்க சார்."

"படிச்சீங்களா?"

"கண்ணாடியை வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்."

அந்தக் கேள்விக்கு ஒரு வரி போதும். அவள் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு மனு தாக்கல் செய்தேன்.

மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள், மதியம் மூன்று மணி வரை. ஒரு மணிக்கு மேயரே வீட்டுக்கு வந்தார். கையில் துணிப்பை. மச்சான் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான்.

"நாற்காலி இருக்கா தம்பி, இல்ல அதுக்கும் போட்டியா?" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். பையிலிருந்து கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். "உனக்கு வேண்டியது இதுதானாமே. நகல் கேட்டு அலைஞ்சேன்னு சொன்னாங்க."

என் கண் அதன் நாடாவில் நின்றது.

"முன்னாடியே வந்து கேட்டிருக்கலாம்ல? நான் என்ன ராட்சசனா?"

"கேட்டேன் ஐயா. நாளைக்குப் பார்ப்போம்னீங்க."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாடாவை அவிழ்த்துக் கடைசித் தாளைப் புரட்டி, கவிழ்த்தபடி அதன்மேல் கை வைத்தார். "படிச்சுக்கோ. உருவி எடுத்து வீட்லயே வச்சுக்கோ. இந்தக் கோப்பு இனி எழுந்திருக்கப்போறதில்ல, யாரும் தேட மாட்டாங்க. மூணு மணிக்குள்ள மனுவை வாபஸ் வாங்கிடு. அவ்வளவுதான்."

மெல்லிய தாள். அவள் அழுத்தி எழுதுவாள். வரிகள் பின்பக்கம் புடைத்துத் தெரிந்தன. ஓரிடத்தில் எதையோ எழுதி அடித்திருந்தாள். அலுவலகத் தாளில் அவள் அடித்து நான் பார்த்ததேயில்லை. என்ன எழுதி, எதை வேண்டாமென்று நினைத்தாள் என்று தெரியவில்லை. கையை நீட்டினால் எட்டும்.

"தாளுக்குப் பக்க எண் போட்டிருக்கா ஐயா?"

"போட்டிருக்கு. எதுக்கு?"

"ஒரு எண் விட்டுப்போனா கோப்பு செல்லாது. திரும்ப அளவெடுக்கறதுலேருந்து ஆரம்பிக்கணும். அவ மூணு வருஷம் வெயில்ல நின்னு அளந்தது. அதுலயே இருக்கட்டும்."

அவர் என்னையே பார்த்தார். "நீ ஜெயிக்க மாட்டே, தம்பி."

"இருக்கலாம்."

"தோத்தா இதை உன் ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது. ஆபீஸ்லயும் நீ இல்ல இப்போ."

"தெரியும் ஐயா."

நாடாவை நிதானமாகக் கட்டினார். நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கார் தெரு திரும்பும் வரை வாசலில் நின்றேன்.

உள்ளே வந்தபோது மச்சான் இரண்டு டம்ளரோடு அப்படியே நின்றிருந்தான்.

"உங்களுக்கு வேண்டாம்னா சரி மாமா. எனக்கு அவ அக்கா. நான் படிச்சிருப்பேன்ல?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. "மன்னிச்சுக்கடா" என்றேன்.

"மன்னிப்பு கிடக்கட்டும். காப்பி ஆறுது." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "அவளாயிருந்தா என்ன சொல்லியிருப்பா தெரியுமா? இந்த ஆளைக் கட்டிக்கிட்டதே போதும், வேற தண்டனையே வேண்டாம்னு சொல்லியிருப்பா."

மூன்று மணி வரை இருவரும் துண்டறிக்கைகளை மடித்துக்கொண்டிருந்தோம். மூன்றடித்ததும் அவன் துண்டறிக்கைகளை அள்ளி இடுக்கிக்கொண்டு எழுந்தான்.

"இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எண்பது வீடு பாக்கி."

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றி சைக்கிள்கள், பள்ளிப் பைகள், மூட்டைகள். மச்சான் பக்கத்தில் நின்றவருக்கு ஒரு துண்டறிக்கையைக் கொடுத்துப் பாலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் எழுதி அடித்திருந்த அந்த இடத்தையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெயர் சொல்லி எழுதிவிட்டு, அலுவலகத் தாளாயிற்றே என்று அடித்திருப்பாளோ? வண்டி முடிவதாக இல்லை.