பாகற்காய்ப் பாயசம்

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும் குழந்தைக்கு அவர் மாமாதான். சிலிண்டர் போடுபவர் மாமா, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர் மாமா. "மாமா மடியில உக்காரு, முத்தம் குடு" என்பார்கள். குழந்தை பின்வாங்கினால், வளர்ப்பு சரியில்லை என்று என் தலை உருளும். ஊரையே மாமாவாக்கி வைத்துவிட்டு, தெரியாதவரிடம் பேசாதே என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன புரியும்?

அதனால் என் மகள் கனிஷ்காவுக்கு வேறு பாடம் வைத்தேன். கூட்டிப்போக யார் வந்தாலும், "எங்க வீட்டுல இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்க வேண்டும். பாகற்காய்ப் பாயசம் என்று சொன்னால்தான் நாங்கள் அனுப்பிய ஆள். வேறு எது சொன்னாலும் எட்டி நின்று, "இவர் யாருன்னு எனக்குத் தெரியாது!" என்று கத்த வேண்டும். வெறுமனே அழுதால், அடம்பிடிக்கும் பிள்ளையை அப்பா இழுத்துப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மருங்காபுரியிலிருந்து வந்திருந்த என் கணவரின் அண்ணன் தர்மராஜ் இந்த ஒத்திகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"பச்சப்புள்ளய எதுக்கு பிரேமா போலீஸ் ஆக்குற? மனுஷங்களப் பாத்துப் பயந்துகிட்டே வளரும்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "பயப்படாம இருக்கத்தான் சொல்லிக் குடுக்குறேங்க" என்றேன்.

எனக்கு வேலை தில்லை நகரில் ஒரு கிளினிக்கில். போன மாதம் ஒரு நாள் கனிஷ்காவைக் கூட்டிவர நான் ஏறிய பஸ் காவிரிப் பாலத்தில் நகரவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஸ்கூல் விட்டாயிற்று. அங்கே நடந்ததை ஸ்கூல் ஆயா லூர்துராணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பைக்கில் வந்த ஒருவன், கனிஷ்காவின் தண்ணீர் பாட்டிலில் நான் ஆசையாக ஒட்டியிருந்த பெயரைப் படித்திருக்கிறான்.

"கனிஷ்கா, மாமா வந்திருக்கேன்டா. அப்பாவுக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. அம்மா உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, ஏறு."

பிள்ளைக்கு உதடு துடித்ததாம். அப்பா என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் கேட்டாள்.

"எங்க வீட்டுல இன்னைக்கு என்ன சமையல்?"

"சாம்பார்தான்" என்று சிரித்தான் அவன்.

அன்று எங்கள் வீட்டில் நிஜமாகவே சாம்பார்! கனிஷ்கா பின்னால் எட்டி நின்று, சொல்லிக்கொடுத்ததை அப்படியே தொண்டை கிழியக் கத்தினாள். லூர்துராணி ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டார். அவன் பைக்கைக் கிளப்புவதற்குள் எதிரே நின்ற ஆட்டோக்காரர்கள் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆயாவின் இடுப்பில் இருந்தபடியே என் மகள் சொன்னாள்.

"அம்மா, சாம்பார்னு கரெக்ட்டாத்தான் சொன்னாரு. ஆனா தப்பு."

நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமை எனக்கு வந்ததே இல்லை.

விஷயம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை தர்மராஜ் ஓடிவந்தார். இந்த முறை சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. கிரில் கதவுக்கு வெளியே நின்று, தெருவே கேட்கும்படி, "பாகற்காய்ப் பாயசம்!" என்றார்.

கனிஷ்கா கதவைத் திறக்கவில்லை.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு பெரியப்பா. மாத்திட்டோம்."

"புதுசு என்ன கண்ணு?"

"சொல்ல மாட்டேன்."

அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் அவசரப்படாமல் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகப் போய்க் கதவைத் திறந்தேன்.